ஓர்க்குகளை ஏன் திருத்தி எழுதுகிறார்கள்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஆட வருகிறவர்களும் கேட்கிறார்கள், பல வருடமாக ஆடிக்கொண்டிருப்பவர்களும் கேட்கிறார்கள். முன்னவர்களுக்குக் குழப்பம், பின்னவர்களுக்குக் கோபம். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

இந்த விளையாட்டே தெரியாதவர்களுக்கு: இது என்ன?

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. கதையை நடத்துகிறவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு முன்னோடி. அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. எல்ஃப், ட்வார்ஃப், ஓர்க், காப்ளின் என்று பல கற்பனை இனங்கள் இதில் உண்டு. சிலவற்றை ஆட்டக்காரர்கள் எடுத்து ஆடலாம். சில, பல காலம் வெட்டிச் சாய்ப்பதற்காக மட்டுமே இருந்தன.

ஓர்க் என்பதே கற்பனை. இல்லாத ஒரு இனத்தை எப்படி வர்ணித்தால் யாருக்கு என்ன?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி.

ஓர்க் கற்பனைதான். ஆனால் ஓர்க்கை வர்ணிக்க எடுத்த வார்த்தைகள் கற்பனை இல்லை. இன்றைய ஓர்க்கின் மூலவடிவத்தைத் தந்த, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், 1958-ல் எழுதிய ஒரு கடிதத்தில் அவற்றின் தோற்றத்தை விவரிக்கிறார். தட்டையான மூக்கு, மங்கிய மஞ்சள் தோல், சாய்ந்த கண்கள் என்று சொல்லிவிட்டு, ஐரோப்பியர் கண்ணுக்கு அழகில்லாத மங்கோலிய முகங்களின் சீரழிந்த வடிவம் என்றே எழுதுகிறார். மாதிரி எங்கிருந்து வந்தது என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிட்டார்.

முகத்தோடு இது நிற்கவில்லை. 'உடல் வலிமை உண்டு, புத்தி குறைவு, சண்டை ரத்தத்திலேயே ஊறியது, அடக்கி ஆள ஒருவர் வேண்டும்' என்பது ஓர்க்குக்குப் பல பதிப்புகளில் கிடைத்த வர்ணனை. 1857 கிளர்ச்சிக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் இந்தியர்களை 'போர்க்குணம் உள்ள இனங்கள்', 'போர்க்குணம் இல்லாத இனங்கள்' என்று பிரித்தபோது பேசிய பேச்சும் கிட்டத்தட்ட இதேதான். வடமேற்கில் இருந்தவர்கள் பிறவிப் போர்வீரர்கள் என்றார்கள், ஆனால் தலைமை தாங்க வெள்ளை அதிகாரி வேண்டும் என்றார்கள். சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக 1881 முதல் 1885 வரை இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய்களைக் குறைவாகவே எடைபோட்டார். பிறகு அவர் இந்தியா முழுமைக்கும் தளபதி ஆனபோது அந்த எடைபோடலே ஆள்சேர்ப்புக் கொள்கை ஆனது. இந்தக் கோட்பாட்டையும் ஓர்க்குகளையும் இணைத்து ஜேம்ஸ் மெண்டெஸ் ஹோட்ஸ் 2019-ல் எழுதிய கட்டுரைகள் ஆட்டக்காரர்கள் மத்தியில் நிறைய விவாதிக்கப்பட்டன.

'பிறப்பிலேயே தீயவர்கள்' என்ற எண்ணத்தைப் பற்றித் தமிழ் வாசகருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. குழந்தை பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி என்று பதிவு செய்தார்கள், ரேகை எடுத்தார்கள், இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். இதை எதிர்த்து நின்றதற்காக 1920-ல் பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்தான். ஒரு விதிப்புத்தகம் ஓர் இனத்தின் பெயருக்குக் கீழே 'தீயது' என்று அச்சடித்து, குழந்தை முதல் கிழவி வரை அது பொருந்தும் என்று சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பதிவேடுதான். விளையாட்டு யாரையும் சிறையில் போடவில்லை, தெரியும். ஆனால் அந்த நினைப்பை ஒரு சந்தோஷமான மாலைப்பொழுதில் பழக்கிக் கொடுக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது.

ட்ரௌ விவகாரம் என்ன?

ட்ரௌ என்பவர்கள் பூமிக்கடியில் வாழும் எல்ஃப்கள். 1978-ல் வந்த அட்வென்ச்சர்களில், அதாவது டிஎம் எடுத்து நடத்துவதற்கென்று அச்சிட்டு விற்கும் கதைகளில், அறிமுகமானார்கள். நல்ல எல்ஃப்கள் வெளுப்பு, கெட்ட எல்ஃப்கள் கறுப்பு. லோல்த் என்ற சிலந்தித் தேவதையின் பின்னால் போனதால் சாபம் வந்தது, அந்தச் சாபத்தோடு சேர்ந்ததுதான் அவர்களின் நிறம் என்று பின்னணிக் கதை வளர்ந்தது. தோலின் நிறமே பாவத்தின் அடையாளம் என்பது உலகில் பல இடங்களில் அடிமைமுறைக்கு முட்டுக்கொடுத்த கதை.

1988-ல் ஒரு நாவலில் டிரிஸ்ட் என்ற நல்ல ட்ரௌ வந்தார், பெரிய நாயகனாகவும் ஆனார். 'அதுதான் ஒரு நல்லவர் இருக்கிறாரே' என்று சிலர் அவரைக் காட்டுவார்கள். ஆனால் அவர் விதிவிலக்கு என்பதுதானே அவருடைய கதையே? தன் மக்களைவிட்டு ஓடி வந்ததால்தான் அவர் நல்லவர். லோல்த்தை வணங்காத சில ட்ரௌக்கள் முன்பே இருந்தாலும், லோல்த்தின் பிடிக்குள் ஒருபோதும் வராத தனி ட்ரௌ சமூகங்களை 2021-ல் கதைக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு இனத்துக்குள் பல ஊர், பல வழிபாடு, பல அரசியல் இருக்கும் என்று முழுமையாக ஒப்புக்கொள்ள நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

விஸ்தானி யார்?

ரேவன்லாஃப்ட் என்ற திகில் உலகத்தில் வண்டி கட்டி ஊர் ஊராகப் போகும் மக்கள். 1983-ல் வந்த முதல் அட்வென்ச்சரில் நேரடியாகவே ஜிப்சிகள் என்று எழுதியிருந்தார்கள், விஸ்தானி என்ற பெயர் பிறகு வந்தது. சீட்டு பார்த்துக் குறி சொல்வார்கள், கண் வைத்தால் கெடுதல், சாபமிடுவார்கள், ரத்தக்காட்டேரி பிரபுவுக்குக் கையாள் வேலை பார்ப்பார்கள். ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றி நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த அவதூறுகளின் பட்டியல்தான் இது.

ஓர்க்கைக் கற்பனை என்று சொல்லலாம். ரோமா மக்கள் இன்றும் ஐரோப்பாவில் வாழ்கிறார்கள், இதே அவதூறுகளைச் சுமந்துகொண்டு. நாஜிகள் லட்சக்கணக்கில் அவர்களைக் கொன்றார்கள். அதனால் விஸ்தானியைத் திருத்தியதைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

விதிகளிலும், அதாவது எண்களிலும், இது இருந்ததா?

இருந்தது. 1978 விதிப்புத்தகத்தில் மனிதர் அல்லாத இனங்கள் பெரும்பாலான தொழில்களில் குறிப்பிட்ட படிக்கு மேல் ஏறவே முடியாது, மனிதருக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. அதே புத்தகத்தில் பெண் கதாபாத்திரங்களின் உடல் வலிமைக்கு ஆண்களைவிடக் குறைவான உச்சவரம்பு இருந்தது. பெண்களுக்கான வரம்பை 1989 பதிப்பில் எடுத்துவிட்டார்கள், யாரும் இன்று அதைத் திரும்பக் கேட்பதில்லை.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் பாதி ஓர்க்குக்கு, அதாவது மனிதருக்கும் ஓர்க்குக்கும் பிறந்தவருக்கு, வலிமை 2 கூடுதல், புத்தி 2 குறைவு, கவர்ச்சி 2 குறைவு. 2016-ல் வந்த ஒரு துணைப்புத்தகத்தில்கூட ஓர்க்காக ஆடினால் புத்தியில் 2 கழிக்க வேண்டியிருந்தது. ஓர்க் மந்திரவாதியாக ஆட ஆசைப்பட்டவர் முதல் பக்கத்திலேயே தண்டம் கட்டிவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது.

2020-க்குப் பிறகு என்னென்ன மாறியது?

அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த ஜூன் 2020-ல் விசார்ட்ஸ் ஒரு அறிக்கை விட்டது. ஓர்க்கையும் ட்ரௌவையும் வர்ணித்த விதம், நிஜ உலகில் மக்களை இழிவுபடுத்திய விதத்தை வேதனையாக நினைவூட்டுகிறது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ரோமா ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து விஸ்தானியை மாற்றி எழுதப்போவதாகவும் சொன்னார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் வந்த புத்தகத்தில், வலிமை, புத்தி போன்றவற்றில் இனத்தோடு கட்டிப்போட்டிருந்த கூடுதல் புள்ளிகளை எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று விருப்ப விதி வந்தது. டிசம்பர் 2021-ல் பழைய புத்தகங்களின் திருத்தப் பட்டியலில் சில இனங்களின் கலாச்சார வர்ணனைகளையே நீக்கினார்கள், இது பெரிய சண்டையானது. டிசம்பர் 2022-ல் ரேஸ் (இனம்) என்ற சொல்லுக்குப் பதில் ஸ்பீஷீஸ் (உயிரினம்) என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 2024-ல் வந்த புதிய ஆட்டக்காரர் கையேட்டில் ஓர்க் முதன்மை இனங்களில் ஒன்று. புள்ளிகள் இனத்திலிருந்து வருவதில்லை, நீங்கள் முன்பு என்ன வேலை பார்த்தீர்கள், எங்கே வளர்ந்தீர்கள் என்பதிலிருந்து வருகின்றன. பிப்ரவரி 2025-ன் அரக்கர் கையேட்டில் 'ஓர்க்' என்று தனி எதிரிப் பக்கமே இல்லை. கொள்ளைக்காரன், காவலாளி, பூசாரி என்ற பொதுப் பக்கங்களை எடுத்து எந்த இனத்துக்கும் பயன்படுத்தலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு 2022-ல் அவர்களே சறுக்கினார்களாமே?

ஆமாம், ஹடோசி. குரங்கு உருவில் இருக்கும், விண்வெளிக் கப்பல்களில் வேலை பார்க்கும் இனம். ஆகஸ்ட் 2022-ல் வந்த ஸ்பெல்ஜாமர் தொகுப்பில் அவர்களுக்குப் புதிதாக ஒரு பின்கதை கொடுத்தார்கள். ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவு வரவைத்து, படையாக விற்கத் திட்டமிடுகிறான். அவனுடைய சீடர்கள் இரக்கப்பட்டு விடுவிக்கிறார்கள். குரங்கு உருவம், கப்பல், அடிமை, விடுவிக்கும் எஜமானர் வீட்டார். கூடவே ஒரு படம், கறுப்பர்களைக் கேலி செய்த அமெரிக்கப் பழைய மேடை நிகழ்ச்சிகளின் பாணியில் ஆடும் பாடகன். புத்தகம் வெளியான சில வாரங்களிலேயே, செப்டம்பர் தொடக்கத்தில், மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கினார்கள். அதன்பின் வெளி ஆலோசகர்கள் பார்க்காமல் எதுவும் அச்சுக்குப் போகாது என்ற நடைமுறையைக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு விவாதத்துக்குப் பிறகும் அது அச்சாகியிருக்கிறது. பழைய அச்சில் வார்த்தவற்றை நாம் கவனிக்காமலே மறுபடி வார்த்துவிடுகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ரேஸ் என்ற சொல்லை மாற்றியது போதுமா?

போதாது. பலகையை மாற்றிவிட்டு உள்ளே அதே சரக்கை விற்கலாம். மாற்றியதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ராட்சசர்களும் இந்த விளையாட்டில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், அதுவும் ஆரம்ப காலத்திலிருந்தே. புலித்தலை, பட்டு அங்கி, வாயில் குழாய் என்று 1977 அரக்கர் கையேட்டில் வரைந்திருக்கிறார்கள். ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் உடனே சாவு. ராமாயணத்தில் இல்லாத அம்பு எங்கிருந்து வந்தது என்றால், 1974-ல் ஒளிபரப்பான ஒரு அமெரிக்கத் திகில் தொடரின் அத்தியாயத்திலிருந்து. நம் பெயர், அவர்கள் தொலைக்காட்சி.

எனக்கு வருத்தம் புலித்தலையில் இல்லை. கம்பனிடம் ராட்சசர் என்றால் ஒரே அச்சு கிடையாது. அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உண்ட சோற்றுக்காகச் சாகப் போகிற கும்பகர்ணன் இருக்கிறான். தப்பு என்று சொல்லிவிட்டு வெளியேறும் வீடணன் இருக்கிறான். சீதைக்குக் காவல் இருந்தே துணையாகும் திரிசடை இருக்கிறாள். ஒரே குடும்பத்தில் இத்தனை மனம். எதிரி இனத்தை எப்படி எழுத வேண்டும் என்று டிஎம் யாராவது கேட்டால் நான் கும்பகர்ணன் வதைப் படலத்தைத்தான் கையில் கொடுப்பேன்.

நல்ல விதமான மாற்றமும் நடந்திருக்கிறது. 2021-ல் வந்த ரேவன்லாஃப்ட் புத்தகத்தில் இந்தியச் சாயல் உள்ள களகேரி என்ற நிலத்தை அஜித் ஜார்ஜ் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த ரேடியண்ட் சிட்டடெல் தொகுப்பில் எழுதியவர்கள் எல்லோருமே வெள்ளையர் அல்லாதவர்கள், அதில் வங்கச் சாயல் உள்ள கதையை மிமி மண்டல் எழுதினார். படித்தால் வித்தியாசம் தெரியும்: அங்கே சாப்பாட்டுக்கும் ஆற்றுக்கும் பெயர் இருக்கிறது.

எல்லா இனமும் ஒரே மாதிரி ஆகிவிட்டதே? சுவாரசியம் போய்விட்டது.

இந்தக் குறையில் பாதி உண்மை இருக்கிறது, நான் அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2021-ல் வர்ணனைகளை வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் ஒன்றும் நடவில்லை. 2024 கையேட்டில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பக்கத்துக்குள் கதை முடிந்துவிடுகிறது. பாதி எல்ஃபும் பாதி ஓர்க்கும் அதிலிருந்து போய்விட்டார்கள், பழைய விதியை வைத்து ஆடிக்கொள்ளலாம் என்கிறார்கள். இரண்டு சமூகத்துக்கு நடுவில் பிறந்த கதாபாத்திரத்தில் தன்னையே பார்த்த ஆட்டக்காரர்கள் பலர். அவர்களுக்கு இது இழப்புதான். பாதி ஓர்க்கின் பழைய பிறப்புக்கதை அசிங்கமானது என்றால் அந்தக் கதையை மாற்றியிருக்கலாம். ஆளையே எடுத்திருக்க வேண்டாம்.

அழிப்பது சுலபம், மாற்றி எழுதுவதற்கு உழைப்பு வேண்டும். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு ரேஸை விட்டுவிட்டு ஆன்செஸ்ட்ரி (வம்சாவளி) என்று வைத்தது, காப்ளின்களை ஆட்டக்காரர்கள் ஆடும் முதன்மை இனமாக்கியது. அதோடு நிற்காமல் 2021-ல் ஆப்பிரிக்கச் சாயல் உள்ள ம்வாங்கி நிலத்துக்கென்றே ஒரு முழுப் புத்தகம் போட்டார்கள். அங்கே ஒரே இனத்துக்குள் வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு பழக்கம். தீங்கை நீக்கினால் சப்பென்று ஆகிவிடும் என்பவர்கள் அதைப் படித்துவிட்டு வரட்டும்.

அப்படியென்றால் வில்லனே கூடாதா?

தாராளமாக இருக்கலாம். கொடூரமான ஓர்க் தலைவனும் இருக்கலாம். அவன் கொடூரமானவன் என்பதற்கு அவன் பிறப்பைத் தவிர வேறு காரணம் இருந்தால் போதும்.

என்னிடம் பழைய அட்வென்ச்சர் இருக்கிறது. மேசையில் எப்படித் திருத்துவது?

கைகாக்ஸ் எழுதி 1979-ல் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'-ஐ எடுத்துக்கொள்வோம். எல்லையில் ஒரு கோட்டை, பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு முழுக்கக் குகைகள். கோபால்ட், காப்ளின், ஹாப்காப்ளின், நோல் என்று இனத்துக்கு ஒரு குகை, ஓர்க்குகளுக்கு மட்டும் இரண்டு. இன்னொரு மூலையில் ஒரு தீய கோயில். பல குகைகளில் பெண்களும் குழந்தைகளும் எத்தனை பேர் என்று எண்ணிக்கை போட்டிருக்கிறது, குழந்தைகள் சண்டை போடமாட்டார்கள் என்ற குறிப்போடு. வீரர்களைக் கொன்றுவிட்டு உள்ளே போனால் அவர்கள் நிற்பார்கள். அப்போது என்ன செய்வது என்று புத்தகம் சொல்லவில்லை. ஆட்டக்காரர்கள் இத்தனை வருடமும் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இதை நடத்தும்போது வரைபடத்தைத் தொடவில்லை, எண்களையும் தொடவில்லை. இவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் யோசித்தேன். கோட்டை கட்டப்பட்ட இடம் ஓர்க்குகளின் மேய்ச்சல் நிலம். ஒரு ஓர்க் குகை, பஞ்சத்தில் கோயிலிடம் தானியக் கடன் வாங்கிவிட்டு, அடைக்க முடியாமல் கோயிலுக்காகக் கொள்ளையடிக்கிறது. மற்ற ஓர்க் குகை கடன் வாங்க மறுத்துவிட்டது, அவர்களுக்கு இவர்கள்மேல் கோபம். கோட்டையில் ஒரு வியாபாரி ரகசியமாக ஓர்க்குகளிடம் உப்பு வாங்குகிறான்.

பழைய பாணியில் வாசலில் இப்படி வாசிப்பார்கள்: 'உறுமல் சத்தம் கேட்கிறது. பன்றிமூஞ்சி ஓர்க்குகள் நாலு பேர் ஆயுதத்தோடு பாய்ந்து வருகிறார்கள்.' நான் வாசித்தது: 'வாசலில் நாலு ஓர்க்குகள். மூன்று பேர் ஈட்டியைத் தூக்குகிறார்கள். நாலாவது கிழவி, உங்கள் குதிரையில் இருக்கும் கோட்டை முத்திரையைப் பார்க்கிறாள். உப்புக்கா, சண்டைக்கா என்று கேட்கிறாள்.'

ஆட்டக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். சண்டையும் வந்தது, கோயிலில். கூட வந்தவர்களில் ஓர்க்குகளும் இருந்தார்கள். அன்றைக்கு யாரும் சலித்துப்போய் எழுந்து போகவில்லை.

பழைய புத்தகங்களை விற்கக் கூடாது என்கிறீர்களா?

இல்லை. 1985-ல் வந்த ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ், ஆசியா முழுவதையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய புத்தகம். 2020-ல் அதைப் பற்றிய விமர்சனம் வலுத்தபோது, இணையத்தில் விற்கும் பழைய நூல்களோடு விசார்ட்ஸ் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. எனக்கு அது போதும். எப்படி எழுதினார்கள் என்று படித்தால்தானே எப்படி எழுதக்கூடாது என்று தெரியும்?

என் குழுவில் ஒருவர், 'அரசியலை மேசைக்குக் கொண்டுவராதே' என்கிறார். என்ன செய்ய?

கொள்கை பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் அவர் பயப்படுவது தன் ஆட்டம் பறிபோய்விடுமோ என்றுதான். அவருக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். கடினமான சண்டையா? அதைக் குறைக்காமல் கொடுங்கள், எதிரிகளை மட்டும் ஒரு படையாக, ஒரு கும்பலாக, ஒரு கொடுங்கோலனின் ஆட்களாக ஆக்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, தெரிந்தவர்கள் கதை நன்றாயிருக்கிறது என்பார்கள்.

ஆனால் அவர் மேசையில் இருக்கும் ஒருவரை, அவர் நிறத்தையோ ஊரையோ வைத்து ஓர்க் என்று சீண்டினால், அது வேறு பேச்சு. ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். சீண்டப்பட்டவரிடம் தனியாகப் பேசுங்கள், தொடரலாமா என்பதை அவர் சொல்லட்டும்.